பழத்தட்டில் விளைந்த புரட்சி

ஓவியக் கலையின் வரலாற்றைக் கூறப் புகுவோர் பெரும்பாலும் மன்னர்களின் உருவப் படங்களையும், போர்க்களக் காட்சிகளையும், தேவாலயக் கூரைகளிலே தீட்டப்பட்ட தெய்வக் கதைகளையுமே முதற்கண் எடுத்துரைப்பர். மேசை ஒன்றின்மீது கிடக்கும் நாலைந்து பழங்களைத் தீட்டிய படத்தை அவ்வரலாற்றின் நடுவிலே வைத்துப் பேசுதல் பலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் அப்பழங்களுக்கு அவ்விடம் உரியதே. ஒரு நிறம் தன் அயலிலுள்ள நிறத்தினால் எவ்வாறு மாறுகின்றது, தூரிகையின் தடத்தை ஓவியன் மறைத்தல் வேண்டுமா அன்றிக் காட்டுதல் வேண்டுமா, ஓவியம் கண்ணை ஏமாற்றும் வித்தையா அன்றிக் கண்ணுக்குக் கற்பிக்கும் கல்வியா என்னும் பெருவினாக்களுக்குப் பழத்தட்டின் முன்னிலையிலேயே தெளிவான விடை பிறந்தது. அவ்விடையைத் தேடியவருள் தலையாயவர், பிரான்சு தேசத்தின் தென்பகுதியிலே பிறந்து, வாழ்நாளின் பெரும்பகுதியை ஏளனத்தின் நடுவே கழித்த போல் செசான் என்பவர்.

வானொலி செவிக்கு மட்டுமே விருந்தளிப்பது; படத்தைக் காட்ட அதனால் இயலாது. ஆதலின் நேயர்கள் தம் மனக்கண்முன் ஒரு மேசையை நிறுத்திக்கொள்ளல் வேண்டும். அதன்மேல் மடிப்பு மடிப்பாகக் கிடக்கும் ஒரு வெள்ளைத் துணி. துணியின் மேல் சிவந்த அப்பிள்கள் சில, மஞ்சள் பாரித்தவை சில, பச்சை மாறாதவை சில. அயலிலே தோடம்பழங்கள் குவிந்த ஒரு வெண்ணிறப் பீங்கான் தட்டு. இக்காட்சியில் கதை இல்லை, வீரன் இல்லை, அழகி இல்லை. இருப்பவை நிறமும் வடிவமும் ஒளியுமே. ஓவியக் கலையின் உயிர்நாடியும் இவை மூன்றுமே அல்லவா?

பழத்தை ஓவியமாக்கும் வழக்கம் மிகப் பழையது. கிரேக்க நாட்டிலே கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்தில் வாழ்ந்த சியூக்சிஸ் என்னும் ஓவியரைப் பற்றி உரோம அறிஞர் பிளினி தமது இயற்கை வரலாறு என்னும் நூலிலே ஒரு கதை கூறுகின்றார. சியூக்சிஸ் தீட்டிய திராட்சைக் குலையை உண்மையென்று நம்பிப் பறவைகள் கொத்த வந்தன. வெற்றிக் களிப்பிலே மிதந்த அவர், தம்முடன் போட்டியிட்ட பராசியசை நோக்கி, அவருடைய படத்தை மூடியிருக்கும் திரையை விலக்குமாறு கேட்டார். அத்திரையே படம் என்பதை அறிந்தபோது, தாம் பறவைகளை ஏமாற்றினாரேனும் பராசியஸ் ஓர் ஓவியரையே ஏமாற்றிவிட்டார் என்று கூறித் தோல்வியை ஒப்புக்கொண்டார். இக்கதை நடந்ததோ நடவாததோ, அக்காலத்தார் ஓவியத்தின் இலட்சியம் இன்னதென எண்ணினர் என்பதை நன்கு புலப்படுத்துகின்றது. கண்ணை ஏமாற்றுதலே கலையின் சிகரம் என்பது அவர் கொள்கை.

கி. பி. 79ஆம் ஆண்டிலே வெசூவியஸ் எரிமலை குமுறியபோது சாம்பலின் கீழ் மறைந்த பொம்பேயி, எர்க்குலேனியம் ஆகிய பட்டணங்களின் சுவர்களிலும் பழ ஓவியங்கள் பல கண்டெடுக்கப்பட்டன. கண்ணாடிக் கிண்ணத்தினூடே தெரியும் பழங்களும், பச்சை மாறாத பீச்சுப் பழங்களின் அருகே நீர் நிறைந்த கண்ணாடிச் சாடியும் அவற்றுள் அடங்கும். நேபிள்ஸ் நகரத் தொல்பொருட்சாலையிலே அவற்றை இன்றும் காணலாம். கண்ணாடியின் மினுக்கத்தை ஒரே வெள்ளைத் தீற்றலினால் காட்டிய அவ்வோவியர்களின் கைத்திறன் வியக்கத்தக்கது. அதன்பின் பல நூற்றாண்டுகளாகப் பழம் தனக்கென ஒரு படத்தைப் பெறவில்லை. மரியன்னையின் கையிலோ, விருந்துக் காட்சியின் ஓரத்திலோ அது துணைப்பொருளாகவே இருந்து வந்தது.

1600ஆம் ஆண்டையொட்டி இத்தாலியிலே கரவாஜியோ தீட்டிய பழக்கூடை இந்நிலையை மாற்றிய படங்களுள் ஒன்று. மிலான் நகரத்து அம்புரோசியானாக் கலைக்கூடத்தில் உள்ள அப்படத்திலே, மேசையின் விளிம்பைத் தாண்டி வெளியே நீண்டு நிற்கும் ஒரு பிரம்புக் கூடையும், அதில் நிறைந்த பழங்களும் இலைகளுமே உள்ளன. பின்னணி இளமஞ்சளான வெறுஞ்சுவர். அவ்வெறுமையின்மீது கருமை படிந்த இலைகள் கத்தரித்து ஒட்டியவை போலத் துலங்குகின்றன. அப்பிளிலே புழு துளைத்த ஓட்டை உண்டு. இலைகள் சில கருகிச் சுருண்டுள்ளன. அழகிய பொருளை மட்டுமன்றி அழியும் பொருளையும் உள்ளவாறே காட்டுதல் ஓவியனின் கடமை என்று அப்படம் பேசாமற் பேசுகின்றது. எனினும் தூரிகையின் தடம் கண்ணுக்குத் தோன்றாதவாறு அது மழுங்கத் தேய்க்கப்பட்டிருக்கின்றது. ஓவியனின் கை மறைந்து பொருள் மட்டுமே நிற்கின்றது.

பதினேழாம் நூற்றாண்டிலே பழ ஓவியம் தன் செல்வ வாழ்வை ஒல்லாந்து நாட்டிலே கண்டது. 1602ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஒல்லாந்த கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல்கள் கீழைத் தேசங்களின் வாசனைத் திரவியங்களையும் சீனத்துப் பீங்கானையும் அம்ஸ்ரடாம் துறைமுகத்திலே குவித்தன. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியதும் அதே கம்பனியே. வணிகத்தால் வளம்பெற்ற அந்நாட்டு நகரமாந்தர் தம் இல்லச் சுவர்களுக்குத் தம் உணவு மேசையின் படத்தையே விரும்பி வாங்கினர். அசையாது கிடக்கும் பொருள்களின் படத்துக்கு ஒல்லாந்தர் இட்ட பெயரே ஆங்கிலத்திலும் வழங்கலாயிற்று. பிரான்சியரோ அதனை இறந்த இயற்கை எனப் பொருள்படும் சொல்லால் அழைத்தனர். தமிழிலே அதனை நிலைப்பொருள் ஓவியம் எனலாம்.

1619 முதல் 1693 வரை வாழ்ந்த வில்லம் கால்வ் என்பவரின் படங்களிலே நிறமுரண் என்னும் உத்தி உன்னத நிலையை அடைந்தது. பாதி உரித்த எலுமிச்சைப்பழம் ஒன்று. அதன் தோல் சுருள் சுருளாக மேசையின் விளிம்பிலிருந்து தொங்குகின்றது. அதன் பின்னே நீலச் சித்திரம் தீட்டிய சீனப் பீங்கான் கிண்ணம். சுற்றிலும் காரிருள். நீலத்தின் அயலிலே மஞ்சள் நிற்பதால் மஞ்சள் பன்மடங்கு சுடர்விடுகின்றது. இருளின் நடுவே நிற்பதால் அது விளக்கேற்றியது போல ஒளிர்கின்றது. எலுமிச்சையின் சதைமீது கால்வ் வர்ணத்தைத் தடிப்பாக அப்பி, சிறு சிறு புள்ளிகளாக ஒளியைத் தெளித்தார். சாற்றின் ஈரம் அப்புள்ளிகளிலே பிறந்தது. இந்நிறமுரணுக்கு விதி எழுதிய விஞ்ஞானி அக்காலத்தில் எவரும் இலர். கைப்பழக்கமும் கண்பழக்கமுமே அதனைக் கற்பித்தன.

ஆனால் கலையுலகின் அதிகாரிகள் இதனை மதித்தாரல்லர். 1648இல் பாரிசிலே நிறுவப்பட்ட அரச ஓவியக் கழகத்தின் சார்பில் அந்திரே பெலிபியன் என்பவர் 1667ஆம் ஆண்டின் சொற்பொழிவுகளுக்கு எழுதிய முன்னுரையில் ஓவிய வகைகளுக்குச் சாதிமுறை போன்ற ஒரு படிமுறையை வகுத்தார். பழம், பூ, சிப்பி முதலியவற்றைத் தீட்டுவோன் கடைப்படியில் நின்றான். அவனுக்கு மேலே இயற்கைக் காட்சி தீட்டுவோன். அவனுக்கு மேலே உயிருள்ள விலங்குகளைத் தீட்டுவோன். அதற்கும் மேலே மனித உருவம் தீட்டுவோன். எல்லாருக்கும் மேலே வரலாற்றையும் புராணத்தையும் தீட்டுவோன். இப்படிமுறை ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஐரோப்பிய ஓவியக் கல்வியை ஆண்டது. சிறுபொருளைத் தீட்டுவோன் சிற்றோவியன் என்ற எண்ணம் வேரூன்றிற்று.

இவ்வெண்ணத்துக்குள்ளேயே இருந்துகொண்டு அதனை அசைத்தவர் சர்டன். 1699இல் பாரிசிலே பிறந்த இவர் 1728இல் விலங்குகளையும் பழங்களையும் தீட்டுவதில் வல்லவர் என்ற பெயரோடு அரச ஓவியக் கழகத்தில் அங்கத்தவராகச் சேர்த்துக்கொள்ளப்பட்டார். 1761ஆம் ஆண்டுக் காட்சியில் வைக்கப்பட்ட அவருடைய ஸ்ட்ரோபெரிக் கூடைப் படத்தை எடுத்துக்கொள்வோம். சிறு சிவந்த பழங்கள் கூம்பு வடிவிலே குவிந்துள்ளன. அருகே நீர் நிறைந்த ஒரு கண்ணாடிக் குவளை; இரண்டு வெண்ணிறக் கார்னேசன் மலர்கள்; ஒரு பீச்சு; இரண்டு செரிப் பழங்கள். படத்தின் வெம்மை முழுவதும் அச்சிவப்புக் கூம்பிலே திரண்டிருக்கின்றது. நீரின் குளிர்ச்சியும் மலரின் வெண்மையும் அதனைத் தாங்கி நிற்கின்றன. பழங்களை ஒவ்வொன்றாகச் செதுக்கிக் காட்டாமல், சிவப்பின் பல சாயைகளைத் தொட்டுத் தொட்டு வைத்துக் குவியலாகவே காட்டினார்.

1763ஆம் ஆண்டுக் காட்சியிலே சர்டனின் படங்களைக் கண்ட தெனி திதரோ என்னும் பேரறிஞர், அவற்றின் மாயத்தை விளங்கிக்கொள்ள இயலவில்லை என்று எழுதினார். வர்ணங்கள் படை படையாக ஒன்றன்மேல் ஒன்று பூசப்பட்டுள்ளன. அருகே சென்றால் யாவும் கலங்கித் தட்டையாகி மறைகின்றன. விலகி நின்றால் மீண்டும் உருப்பெறுகின்றன என்பது அவர் கண்ட அதிசயம். தூரிகைத் தடத்தைக் குறையென்னாது சிறப்பென எடுத்துப் போற்றிய பழைய சாட்சியங்களுள் இது முக்கியமானது. அந்த ஸ்ட்ரோபெரிக் கூடை 2022ஆம் ஆண்டு ஏலத்திலே இரண்டு கோடியே நாற்பது இலட்சம் யூரோவுக்கு மேல் விலைபோனது. அது நாட்டை விட்டுப் போகாதவாறு பிரான்சு அரசு அதனைத் தேசிய நிதியம் எனப் பிரகடனஞ் செய்தது. பொதுமக்கள் பலர் தந்த நன்கொடையும் சேர, 2024இல் லூவர் காட்சிச்சாலை அதனைத் தனதாக்கிக்கொண்டது. கடைப்படியில் வைக்கப்பட்ட கலைக்குக் காலம் அளித்த தீர்ப்பு அது.

இனி, கைப்பழக்கத்தால் அறியப்பட்டது விஞ்ஞானத்தால் விளங்கிய கதையைக் கூறல் வேண்டும். பாரிசிலே கொபலன் என்னும் அரச திரைச்சீலை நெசவுச்சாலை ஒன்று உண்டு. 1824இல் அதன் சாயப் பகுதிக்குத் தலைவராக மிசேல் செவ்ரோல் என்னும் இரசாயன அறிஞர் நியமிக்கப்பட்டார். நீலத்துக்கும் ஊதாவுக்கும் நிழலாக வைக்கும் கறுப்பு நூல் வலுவின்றி மங்கித் தோன்றுகிறதென்று நெசவாளர் முறையிட்டனர். செவ்ரோல் நூலைச் சோதித்தார், சாயத்திலே பிழையில்லை. வேறிடத்துக் கறுப்பு நூல்களோடு ஒப்பிட்டார். அவற்றுக்கு அது தாழ்ந்ததன்று. பிழை சாயத்தொட்டியில் இல்லை, கண்ணிலே இருக்கின்றது என்பதை அவர் கண்டார். ஒரு நிறத்தின் அயலிலே மற்றொரு நிறத்தை வைத்தால், ஒவ்வொன்றும் மற்றதைத் தன் எதிர்நிறத்தை நோக்கித் தள்ளுகின்றது. சிவப்புக்குப் பச்சை எதிர்நிறம், நீலத்துக்குச் செம்மஞ்சள், மஞ்சளுக்கு ஊதா. எதிர்நிறங்கள் இரண்டும் அயலயலே நின்றால் ஒன்றையொன்று ஓங்கச் செய்கின்றன. அவற்றைக் குழைத்துக் கலந்தாலோ இரண்டும் மங்கிச் சாம்பலாகின்றன.

இதனை எவரும் வீட்டிலே சோதித்தறியலாம். செந்நிறத் துணியொன்றைச் சிறிது நேரம் உற்று நோக்கியபின் வெண்சுவரைப் பார்த்தால், அங்கே பச்சை படர்ந்த சாயல் ஒன்று மிதக்கும். கண் தானாகவே எதிர்நிறத்தைத் தேடுகின்றது. வாழையிலையின்மீது வைத்த மாதுளை முத்துக்கள் தட்டத்தில் வைத்தவற்றைவிடச் சிவந்து தோன்றுவதற்கும் காரணம் இதுவே. செவ்ரோல் தமது ஆராய்ச்சியை 1839ஆம் ஆண்டிலே பெருநூலாக வெளியிட்டார். அதே 1839ஆம் ஆண்டு தை மாதம் 19ஆம் நாள், எய்க்ஸ் என்னும் தென்பிரான்சு நகரத்தில் செசான் பிறந்தார்.

செசானின் தந்தையார் தொப்பி வணிகராயிருந்து வங்கி முதலாளியானவர். மகனைச் சட்டம் படிக்குமாறு பணித்தவர். செசானின் பள்ளித் தோழர் பிற்காலத்திலே நாவலாசிரியராகப் புகழ்பெற்ற எமில் சோலா. பிற மாணவர் சோலாவை ஒதுக்கிவைத்த காலத்தில் செசான் அவருக்குத் துணைநின்று அடிபட்டாரென்றும், மறுநாள் சோலா ஒரு கூடை அப்பிள்களைக் கொண்டுவந்து கொடுத்தாரென்றும், முதுமையிலே செசான் சொன்னதாக அவருடைய இளம் நண்பர் கஸ்கே எழுதியுள்ளார். அப்பிள் என்பது அவருக்கு வெறும் பழமாக மட்டும் இருந்திராது போலும்.

பாரிசிலே ஆண்டுதோறும் நடைபெற்ற அரச ஓவியக் காட்சி அவருடைய படங்களை மீண்டும் மீண்டும் தள்ளிவிட்டது. ஒரே ஒரு தடவை, 1882இல், நண்பர் ஒருவரின் தயவினால் ஒரு படம் உள்ளே சென்றது. 1874இலும் 1877இலும் ஒளிப்பதிவு ஓவியர் என இன்று போற்றப்படும் மொனே, பிசாரோ முதலியோருடன் சேர்ந்து அவர் தம் படங்களைக் காட்டியபோது, மற்றெவருக்கும் கிடைத்ததினும் கடுமையான ஏளனம் அவருக்கே கிடைத்தது. அதன்பின் அவர் எய்க்ஸ் நகரத்தை நாடி ஒதுங்கினார். மனிதரோடு பழகக் கூசிய அவருக்குப் பழங்கள் பொறுமையுள்ள தோழராயின. அவை அசையா, களைப்புறா, கேலி செய்யா. ஆனால் அழுகும். ஒரு படத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட காலம் அத்துணை நீண்டது. வொலார் என்னும் கலை வணிகரின் உருவத்தைத் தீட்ட நூற்றுக்கு மேற்பட்ட தடவை அவரை அமரச் செய்தார். ஒருநாள் அவர் அசைந்துவிட்டபோது, அப்பிளைப் போல அசையாதிருக்க வேண்டுமென்று கடிந்துகொண்டார். ஓர் அப்பிளைக்கொண்டே பாரிசு நகரத்தை வியக்க வைப்பேன் என்று அவர் கூறியதாகவும் ஒரு செய்தி உண்டு.

பழங்களை அவர் எவ்வாறு அடுக்கினார் என்பதை லெ பாய் என்னும் இளம் ஓவியர் நேரிற் கண்டு கூறியிருக்கின்றார். மேசையின்மேல் துணியை இலேசாகக் கசக்கி விரித்தார். பின் பழங்களை ஒவ்வொன்றாக வைத்து, பச்சைக்கு எதிரே சிவப்பும், நீலத்துக்கு எதிரே மஞ்சளும் நிற்குமாறு, எதிர்நிறங்கள் ஒன்றையொன்று அதிரச் செய்யுமாறு ஒழுங்குபடுத்தினார். பழங்களைச் சரிக்கவும் திருப்பவும் சமன்செய்யவும் அடியிலே செப்புக் காசுகளைச் செருகினார். அதனை மிகுந்த கவனத்தோடு செய்தார்; கண்ணுக்கு அது ஒரு விருந்தாயிருந்தது என்பது அவ்விளைஞர் கண்ட காட்சி. தூரிகையைத் தொடுமுன்னரே படத்தின் பாதி மேசைமேல் முடிந்துவிட்டது எனலாம்.

பழைய ஓவியர் ஒரு பழத்தை உருண்டையாகக் காட்ட ஒளியையும் நிழலையும் கையாண்டனர். ஒளிபடும் பக்கத்திலே வெள்ளையைக் கலந்தனர். நிழற்பக்கத்திலே கபிலத்தையோ கறுப்பையோ கலந்தனர். இதனால் உருட்சி பிறந்தது; நிறமோ இருண்டு மாண்டது. செசான் இம்முறையைக் கைவிட்டார். நிழலென்பது நிறத்தின் இறப்பன்று, மற்றொரு நிறத்தின் பிறப்பே என்பது அவர் கண்ட உண்மை. அவருடைய அப்பிளிலே கண்ணுக்கு மிக அண்மையிலுள்ள புள்ளி மஞ்சளாக இருக்கும். அது செம்மஞ்சளாகிச் சிவப்பாகும். சிவப்பு வளைந்து அப்பாற் செல்லுமிடத்திலே ஊதாவோ பச்சையோ நீலமோ தலைகாட்டும். மஞ்சளும் சிவப்பும் கண்ணை நோக்கி வருவன. நீலமும் பச்சையும் கண்ணைவிட்டு விலகுவன. ஆதலின் நிறத்தின் மாற்றமே உருட்சியாகின்றது. வரைவதும் வர்ணமிடுவதும் இரண்டல்ல ஒன்றே என்னும் கொள்கை இங்கே செயலாகின்றது. தோடம்பழமாயினும் அப்பிளாயினும் மனிதத் தலையாயினும், கண்ணுக்கு மிக அண்மையான ஒரு புள்ளி அதிலே உண்டென்று 1904ஆம் ஆண்டிலே எமில் பெர்னார் என்னும் ஓவியருக்கு எழுதிய கடிதத்தில் அவர் விளக்கினார்.

தூரிகையாட்சியிலும் அவர் புதுவழி கண்டார். 1879ஐயும் 1880ஐயும் ஒட்டித் தீட்டிய, உயர்ந்த பழக்கிண்ணத்தையுடைய படத்திலே இதனைத் தெளிவாகக் காணலாம். சிறு சிறு தீற்றல்கள் ஒரே திசையில் சாய்ந்து, சுவரில் செங்கற்கள் அடுக்கப்படுவது போல அயலயலே அடுக்கப்பட்டுள்ளன. பழத்துக்கு ஒருவகைத் தீற்றல், துணிக்கு ஒருவகை, சுவருக்கு ஒருவகை என்ற வேறுபாடு அங்கே இல்லை. யாவும் ஒரே கையின் ஒரே நடையில் அமைந்தமையால், பழமும் வெற்றிடமும் ஒரே நெசவின் இழைகளாகின்றன. தீற்றல் ஒவ்வொன்றும் ஒரு தீர்மானம். அது அயலிலுள்ள தீற்றலைப் பார்த்து நிறம் பெறுகின்றது. இதனாலேயே அடுத்த தீற்றலை வைக்குமுன் அவர் நெடுநேரம் காத்திருந்தார். மொனேயின் தூரிகை ஓடும் ஒளியைப் பிடிக்க விரைந்தது. செசானின் தூரிகை நிலைத்த ஒன்றைக் கட்டுவதற்காக நின்று நின்று நடந்தது. பழங்களின் ஓரத்தில் அவர் இட்ட நீலக்கோடும் ஒரே கோடன்று. மூன்று நான்கு கோடுகள் விட்டுவிட்டுச் செல்கின்றன. பழம் இங்கே முடிகின்றது என்று அறுதியிட்டுக் கூற அவர் கண் அஞ்சிற்று. அவ்வச்சம் நேர்மையின் அடையாளம்.

1899ஐ ஒட்டித் தீட்டப்பட்ட அப்பிள்களும் தோடம்பழங்களும் என்னும் படம் அவருடைய பழ ஓவியங்களுள் மிகச் செழிப்பானது. 74 சதமமீற்றர் உயரமும் 93 சதமமீற்றர் அகலமும் கொண்ட அது இன்று பாரிசு ஓர்சே காட்சிச்சாலையில் உள்ளது. சித்திர வேலைப்பாடுள்ள கனத்த திரைத்துணிகளின் முன்னே வெள்ளைத் துணி அருவிபோல வழிகின்றது. தட்டிலும் பழக்கிண்ணத்திலும் துணியின் மடிப்புகளிலும் சிவப்பும் செம்மஞ்சளுமான பழங்கள். வெள்ளைத் துணி என்கிறோம். கூர்ந்து நோக்கின் அதிலே தூய வெள்ளை மிகச் சிறிது. நீலமும் பச்சையும் சாம்பலும் ஊதாவும் அதன் மடிப்புகளிலே ஓடுகின்றன. அந்நீலச் சாயல்களே எதிர்நிறமான தோடம்பழத்தைக் கனலச் செய்கின்றன. தட்டு முன்புறம் சரிந்திருக்கின்றது. பழங்கள் உருண்டு விழுந்துவிடுமோ என ஐயம் எழுகின்றது. ஆயினும் ஒன்றும் விழவில்லை. நிறத்தின் எடையே அவற்றை நிறுத்தி வைத்திருக்கின்றது.

சிக்காகோ நகரக் கலைக்கூடத்திலுள்ள அப்பிள் கூடைப் படத்திலோ இச்சரிவு இன்னும் துணிவானது. போத்தல் சாய்ந்து நிற்கின்றது. மேசையின் முன்விளிம்பு துணியின் இடப்புறம் ஓரிடத்திலும் வலப்புறம் வேறிடத்திலுமாக ஒன்றோடொன்று பொருந்தாமற் கிடக்கின்றது. அக்காலத்தார் இவரைக் கோடு வரையத் தெரியாதவர் என்றனர். உண்மை வேறு. மனிதன் ஒற்றைக் கண்ணால் ஓரிடத்தில் உறைந்து நின்று உலகைப் பார்ப்பதில்லை. தலையை அசைத்து, இங்கும் அங்கும் நோக்கி, பல பார்வைகளைச் சேர்த்தே ஒரு பொருளை அறிகின்றான். அப்பார்வைகள் அனைத்தையும் ஒரே படத்திலே நேர்மையாகப் பதித்தால் மேசை விளிம்பு முறியத்தான் செய்யும்.

உலகம் அவரைக் கண்டுகொள்ளச் சுணங்கியது. எனினும் சக ஓவியர் முன்னரே கண்டுகொண்டனர். மேலே கூறிய பழக்கிண்ணப் படத்தைக் கோகான் என்னும் ஓவியர் வைத்திருந்தார். வறுமையிலே வாடியபோதும் நெடுங்காலம் அதனை விற்க மனம் ஒப்பவில்லை. 1890இல் தாம் தீட்டிய பெண்ணொருத்தியின் படத்தின் பின்னணியில் அதனையே வரைந்து வைத்தார். 1900இல் மொரிஸ் தெனி தீட்டிய செசானுக்கு வணக்கம் என்னும் படத்தில், இளம் ஓவியர்கள் அப்பழக்கிண்ணப் படத்தைச் சூழ்ந்து நிற்கின்றனர். அரசனையோ தெய்வத்தையோ சூழ வேண்டிய கூட்டம் ஒரு பழத்தட்டைச் சூழ்ந்து நிற்கின்றது! 1895இலே வொலார் நடத்திய தனிக்காட்சியே செசானின் பெயரைப் பாரிசில் மீண்டும் எழுப்பிற்று. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தாறு.

1906ஆம் ஆண்டு ஐப்பசியிலே, வெளியிற் படம் தீட்டிக்கொண்டிருக்கையில் புயல்மழையில் அகப்பட்டு நோயுற்று, சில நாளில் செசான் மறைந்தார். மறு ஆண்டு பாரிசிலே அவருடைய படங்களின் நினைவுக் காட்சி நடைபெற்றது. செருமானிய மொழிக் கவிஞர் ரில்கே நாள்தோறும் சென்று பார்த்து, அந்நிறங்கள் ஒன்றோடொன்று உரையாடும் முறையைப் பற்றித் தம் மனைவிக்குக் கடிதங்கள் எழுதினார். பிக்காசோவும் பிராக்கும் அடுத்த ஆண்டுகளிலே தோற்றுவித்த கனவடிவ ஓவியத்துக்கு அம்முறிந்த மேசை விளிம்பே தோற்றுவாயாயிற்று. 1918 பங்குனியில், பாரிசுமீது செருமானியப் பீரங்கிக் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த வேளையில், காலஞ்சென்ற ஓவியர் தெகாவின் சேகரிப்பு அங்கே ஏலத்துக்கு வந்தது. பொருளியலறிஞர் கெயின்ஸ் அதிலே செசானின் சிறிய அப்பிள் படமொன்றைத் தமக்கென வாங்கினார். ஊர் திரும்பியபோது, நண்பர் வீட்டுக்குச் செல்லும் ஒழுங்கை சேறாயிருந்தமையால் அதனை வேலியோரத்திலே வைத்துவிட்டு நடந்தாராம். செய்தி கேட்ட நண்பர்கள் விழுந்தடித்து ஓடிச்சென்று அதனை எடுத்துவந்தனர். போரிலே நாடுகள் எரிகையிலும் சில அப்பிள்களைக் காப்பாற்றுதல் தகும் என அவர்கள் கருதினர்.

அவ்வலை இலங்கைத் தீவையும் தொட்டது. 1943இல் கொழும்பிலே உருவான நாற்பத்துமூன்று குழுவின் ஓவியர்கள், பழைய கழக முறையினின்றும் விலகிப் புதுவழி தேடினர். அவருள் ஒருவரான ஜோர்ஜ் கீற் கனவடிவ ஓவியத்தின் கட்டமைப்பைக் கீழைத்தேயக் கருக்களோடு இணைத்தார். எய்க்ஸ் நகரத்து மேசையொன்றின்மேல் தொடங்கிய தேடல் இத்துணைத் தூரம் பயணஞ் செய்தது.

சியூக்சிஸின் திராட்சையைப் பறவைகள் கொத்த வந்தன. செசானின் அப்பிளை எப்பறவையும் கொத்த வராது. அதனை உண்ணவேண்டுமென்னும் ஆசையும் எவருக்கும் எழாது. அது பழத்தைப் போல நடிப்பதன்று. காண்பது என்றால் என்ன என்று பொறுமையாக ஆராய்ந்த ஒரு மனிதனின் சாட்சியம் அது. பெரிய பொருளைத் தீட்டுவதனால் ஓவியம் பெரிதாவதில்லை. எப்பொருளையும் உள்ளவாறு காண முயலும் நேர்மையே அதனைப் பெரிதாக்குகின்றது. இப்பாடம் ஓவியருக்கு மட்டும் உரியதன்று. இல்லந்தோறும் உணவு மேசையிலே பழங்கள் உண்டு. சாளரத்தின் வழியே காலை ஒளி அவற்றின்மீது விழுகின்றது. வாழைப்பழத்தின் மஞ்சள் எவ்விடத்திலே பச்சையாகின்றது, அதன் நிழலிலே ஊதாச் சாயல் உண்டா, பழத்தின் கீழுள்ள வெண்துணி உண்மையில் வெள்ளைதானா என்று ஒருகணம் நின்று நோக்குவோர்க்கு உலகம் முன்னிலும் செல்வமுடையதாகத் தோன்றும். அவ்வாறு நோக்குமாறு சிறுவரைப் பழக்கும் பெற்றோரும் ஆசிரியரும், வர்ணப்பெட்டியினும் பெரிய செல்வத்தை அவர் கையிலே கொடுத்தவராவர்.